பற்றுச்சீட்டின் பின்பக்கம்

அவரை நான் முதன்முதலில் கண்டபோது அவர் கையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. நகரசபை அலுவலகத்தின் கூட்ட அறையில், என்னைப் போன்ற இருபது ஊழியர்களுக்கு முன்னால் அதைத் தூக்கிப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னார்:

"இது இல்லாததால் உங்களில் ஒருவருடைய கட்டடத்தில் பெண்கள் கழிப்பறை மூன்று கிழமை மூடிக் கிடந்தது. இதை விற்கும் கடை அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது."

அந்தக் கட்டடம் என்னுடையதுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கனடாவில் தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சுற்றியிருந்த நகரசபைகளை எல்லாம் இன்னும் ரொறன்ரோவோடு ஒன்றாக்கியிருக்கவில்லை. அவற்றில் ஒன்றுக்குச் சொந்தமான சமூக நிலையத்தில் நான் பராமரிப்பாளன். ஒரு ஆணி வாங்குவதென்றாலும் விண்ணப்பப் படிவம் நிரப்பி, மூன்று பேரிடம் கையொப்பம் வாங்கி, கொள்வனவுப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்கு அது பழகிய விஷயம். யாழ்ப்பாணத்தில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் களஞ்சியத்தில் பதினொரு வருடம் அதையேதான் செய்தேன். இப்போது அந்தப் படிவங்களுக்குப் பதிலாகத்தான் எங்கள் ஒவ்வொருவரின் பெயரும் பொறித்த ஒரு கொள்வனவு அட்டையைத் தரப்போகிறார்களாம். சின்னச் சின்னச் சாமான்களை நாங்களே கடைக்குப் போய் வாங்கலாம். மாதக் கடைசியில் நகரசபை வங்கிக்குக் கட்டிவிடும்.

அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாக வந்தவர்தான் அவர். முப்பத்தைந்து வயது மதிக்கக்கூடிய பெண். மெலிந்த உருவம், கட்டையாக வெட்டிய தலைமுடி, வெயில் காலத்திலும் கழற்றாத ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை.

வகுப்பு முடிந்து அட்டைக்குக் கையொப்பம் வைக்கும்போது என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"அண்ணே, நீங்க யாழ்ப்பாணமா?"

"ஓம்."

"நான் மட்டக்களப்பு. ஏன் இன்னும் கையெழுத்து வைக்கல்ல?"

"பிள்ளை, எனக்கு இது வேண்டாம். பழைய மாதிரி போமிலேயே எழுதித் தாறன். அரசாங்கத்தின்ர காசை என்ர பேரில ஏன் பொக்கற்றுக்குள்ள கொண்டு திரிவான்?"

அவர் சிரிக்கவில்லை. "மறுகா?" என்றார்.

'பிறகு' என்று நாங்கள் சொல்வதைத்தான் மட்டக்களப்பார் 'மறுகா' என்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருப்பார். எதிரில் இருப்பவர் தொடர்ந்து சொல்லியே ஆக வேண்டும். அன்று நானும் சொன்னேன். களஞ்சியத்தில் ஒரு சுத்தியல் குறைந்ததற்காக என் மேலதிகாரி இரண்டு வருடம் அலைக்கழிக்கப்பட்ட கதையை, பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, முழுக்கச் சொல்லி முடித்தேன். முழுவதையும் கேட்டார்.

"சரி அண்ணே. அதுக்குத்தான் ஒண்டு கேக்கிறன். ஒவ்வொரு ரிசீற்றுக்கும் பின்பக்கத்தில ரெண்டு வரி எழுதுங்க. ஆருக்கு வாங்கின, ஏன் வாங்கின எண்டு. றூல்ஸில இது இல்ல. நான்தான் கேக்கிறன்."

அந்த இரண்டு வரியைப் பற்றி அலுவலகத்தில் எல்லோரும் பகிடி பண்ணினார்கள். கணக்குப் பிரிவுக்கு வேண்டியது முன்பக்கம். கடையின் பெயர், பொருள், தொகை. அவர் மட்டும் பற்றுச்சீட்டைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் வாசிப்பார். வாசித்தது மனதுக்குச் சரியாகப் படாவிட்டால் மேசையில் இருந்து கடிதம் எழுதமாட்டார். பஸ் பிடித்து நேரே வந்துவிடுவார். அவரிடம் கார் இல்லை.

பூங்காப் பிரிவில் ஒரு போர்த்துக்கேயர் இருந்தார். அவருடைய அட்டையில் ஒரு மாதம் பன்னிரண்டு மீன் ரின்னும் இரண்டு போத்தல் கடலை வெண்ணெயும் வந்துவிட்டன. வீட்டுக்குச் சமையல் சாமான் வாங்குகிறார் என்று கணக்குப் பிரிவில் முடிவே கட்டிவிட்டார்கள். மனிதருக்கு ஆங்கிலம் எழுத வராது. பின்பக்கத்தில் ஒரு வட்டமும் அதற்குள் இரண்டு கண்களும் வரைந்திருந்தார். எங்கள் மட்டக்களப்புப் பிள்ளை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனார். அங்கே மண்டபத்துக் கூரைக்குள் ஒரு றக்கூன், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் உள்ள காட்டு விலங்கு, குட்டிகளோடு குடியிருந்தது. அதைப் பிடிக்கக் கூண்டு வைத்து, தீனிக்குத்தான் மீன் ரின். இவர் ஏணியில் ஏறித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாராம். அடுத்த நாள் கணக்குப் பிரிவில் போய், "வாங்கியவரையும் கண்டேன், சாப்பிட்டவரையும் கண்டேன்" என்று அறிக்கை கொடுத்தார்.

இதைக் கேட்டுவிட்டு, இவர் எல்லோரையும் காப்பாற்றிவிடும் இளகிய மனசுக்காரர் என்று நினைத்தால் அது பிழை. எங்கள் நிலையத்தின் வாகனங்களுக்குப் பொறுப்பாக ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். எல்லோருக்கும் பிடித்தவர். நத்தார்ப் பண்டிகைக்கு வீடு வீடாகக் கேக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அவருடைய பற்றுச்சீட்டுகள் ஒரு கசங்கலும் இல்லாமல் இருக்கும். பின்பக்கத்தில் அழகான எழுத்தில், 'லொறிக்குப் பனிக்காலச் சக்கரம் நான்கு' என்று எழுதியிருந்தார். இவர் வந்து லொறியைப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் கொட்டகையைத் திறந்துவிட்டேன். இவர் ஈர நிலத்தில் குந்தியிருந்து நான்கு சக்கரங்களையும் கையால் தடவிப் பார்த்தார். நான்கும் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தன. எழும்பி, மேற்பார்வையாளரிடம் "சொல்லுங்கள்" என்றார். அந்த மனிதர் சொன்னதை எல்லாம் நின்று கேட்டார். அவர் மனைவியின் வேலை போனதையும் கேட்டார். கேட்டு முடிந்ததும், "நீங்கள் இப்போது சொன்னதையும் எழுதுகிறேன், சக்கரத்தையும் எழுதுகிறேன்" என்றார். அந்த மனிதர் அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

அன்றைக்கு எனக்கு இவரைக் கண்டு பயமாகவும் இருந்தது.

என்னுடைய முறையும் வந்தது.

அந்த மார்கழியில் எனக்கு முழுநேர வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு அறையில் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பதற்கு நான் பொறுப்பு நிற்க வேண்டும். அதற்கு நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். நான் வரும்போது மகளுக்குப் பல் முளைத்திருக்கவில்லை. இப்போது ரெலிபோனில் என்னை "அப்பா" என்று கூப்பிடாமல், அந்நிய ஆளோடு பேசுவதுபோலப் பேசினாள்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து அடுக்குமாடியில் நெருப்புப் பிடித்தது. அறுபது பேர் வரை பஸ்ஸில் கொண்டுவந்து எங்கள் நிலையத்தில் இறக்கினார்கள். வெளியே மூச்சு விட்டால் மீசையில் உறையும் குளிர். படுத்திருந்த உடுப்போடு வந்தவர்கள்தான் அதிகம். என் மனேஜர் இரண்டு கிழமை லீவில் வெளிநாடு போயிருந்தார். அவருக்கு மேலே இருந்தவருடைய ரெலிபோன் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. உதவி அமைப்பு ஆட்கள் பின்னேரம்தான் வருவோம் என்றார்கள்.

ஒரு கயானாக்காரக் கிழவர் கதிரையில் நாக்கு வறண்டு, சோர்ந்துபோய் இருந்தார். அவருடைய இன்சுலின் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது. கைக்குழந்தையோடு ஒரு தாய், பால்மா இல்லை. இன்னொருத்தி, சோமாலியப் பெண், புகை குடித்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காலில் வீட்டுச் செருப்பு மட்டும்.

நான் தெருவைக் கடந்து எதிரே இருந்த பெரிய கடைக்குப் போனேன். அதற்குள்ளேயே மருந்துக்கடையும் இருந்தது. போர்வை, பால்மா, இன்சுலின், ஊசி, பெண்கள் பூட்ஸ் ஒரு சோடி என்று எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் போட்டேன். காசாளர் அட்டையை உரசினாள். போகவில்லை. ஒரு தடவையில் இவ்வளவுதான் வாங்கலாம் என்று அட்டைக்கு ஒரு எல்லை இருந்தது. நான் சாமான்களை மூன்று குவியலாகப் பிரித்தேன். மூன்று தரம் உரசினாள். மூன்று பற்றுச்சீட்டு.

அப்படிப் பிரித்து வாங்குவதுதான் இந்த அட்டைக்காரன் செய்யக்கூடாத முதல் பிழை. வகுப்பில் அதை அவர் மூன்று முறை சொல்லியிருந்தார். செய்துவிட்ட பயத்தில், அந்த மூன்று சீட்டுக்கும் பின்னால் மட்டும் நான் ஒன்றும் எழுதவில்லை. வெறுமையாகவே அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். நெருப்பு நாளில் போர்வையும் சாப்பாடும் தாங்களே கொடுத்ததாக உதவி அமைப்பு எழுதிய கடிதம் அவர் மேசையில் இருந்தது. அது பொய்யும் இல்லை. பின்னேரம் அவர்கள் வந்து கொடுத்தார்கள்தான்.

"அப்படியானால் இந்தப் பெண்கள் பூட்ஸ் யாருக்கு?" என்று மனேஜர் கேட்டார்.

"வந்த ஒருவருக்கு."

"பெயர்?"

"தெரியாது."

"பால்மா?"

"ஒரு குழந்தைக்கு."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கூடச் சொன்னால் மாட்டுவாய் என்பது ஊரில் சோதனைச் சாவடிகளில் நான் படித்த பாடம். அட்டையைத் திருப்பி வாங்கினார்கள். விசாரணை முடியும்வரை நிரந்தர வேலை பற்றிய பேச்சு நிறுத்தப்பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி ரெலிபோனில், "கடிதம் எப்ப வரும்?" என்று கேட்டாள். "இந்தா வந்திடும்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து மட்டக்களப்புப் பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கினார். சாமான் அறையில் ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார்.

"பின்பக்கம் ஏன் வெறுசாக் கிடக்கு அண்ணே?"

"பிரிச்சு வாங்கினனான். அதுதான்."

"மறுகா?"

"வேற ஒண்டுமில்லை."

அவர் எழும்பவில்லை. குறிப்புப் புத்தகத்தையும் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி வந்து போனது. நான் சொல்லத் தொடங்கினேன். கிழவரின் மருந்துப் பெயரை மூன்று தரம் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டு போனது, சோமாலியப் பெண்ணின் காலுக்கு அளவு தெரியாமல் என் உள்ளங்கையை அவள் பாதத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்துப் பார்த்தது, காசாளர் என்னைப் பார்த்த பார்வை, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். கொழும்பு அறையைப் பற்றியும் சொல்லியிருந்தேன்.

"இத ஏன் மனேஜரிட்ட சொல்லல்ல?"

"அவர் கேக்கேல்லைப் பிள்ளை."

"ம்," என்றார். "ஆக்கள் இப்ப எங்க இரிக்காங்க?"

எனக்குத் தெரியாது. அவர்கள் மோட்டலுக்கும் உறவினர் வீடுகளுக்குமாகச் சிதறிப் போயிருந்தார்கள். அவர் மூன்று சனிக்கிழமைகள் அலைந்து தேடினார். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்களின் கதவுகளைத் தட்டினார். கிழவரைப் பக்கத்து நகரமான பிறம்ரனில் மகள் வீட்டில் கண்டுபிடித்தார். குழந்தையின் தாயைக் கண்டார். சோமாலியப் பெண்ணைக் கடைசியாகக் கண்டார். நகரசபையில் இருந்து வந்திருக்கிறேன் என்றதும் அந்தப் பெண் உள்ளே போய், பூட்ஸைத் துடைத்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாளாம். திருப்பிக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். இவர் அந்தப் பையை வாங்கி, குந்தியிருந்து, பூட்ஸை அவள் காலிலேயே போட்டுவிட்டு வந்தார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண் பின்னாளில் பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிவந்தபோது சொன்னாள்.

விசாரணை நாளில் நீளமான மேசையில் மனேஜரும், நிதிப் பிரிவின் தலைவரும், தொழிற்சங்கத்தில் இருந்து ஒருவரும் இருந்தார்கள். மட்டக்களப்புப் பிள்ளை தன் அறிக்கையை வாசித்தார்.

முதல் பக்கம் முழுக்க என் பிழை. எல்லையை மீறுவதற்காகத் தெரிந்துகொண்டே மூன்றாகப் பிரித்தேன் என்று, நேரம் நிமிடத்தோடு எழுதியிருந்தார். விளக்கம் எழுதாமல் மறைத்தேன் என்றும் எழுதியிருந்தார். இவளையா நம்பி அழுதேன் என்று நினைத்தேன்.

பிறகு அடுத்த பக்கங்களை வாசித்தார். ஒவ்வொரு பொருளாக எடுத்து, அது யாரிடம் போனது, அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார், என்ன சொன்னார் என்று வாசித்தார். இன்சுலின் இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கிழவரின் வைத்தியர் எழுதிய இரண்டு வரியும் இருந்தது. நிதிப் பிரிவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசித்து முடித்ததும், "இவர் பிழை செய்தார். ஆனால் அன்று காலை இவர் கூப்பிட்டிருக்க வேண்டிய ஒரு ரெலிபோன் இலக்கத்தை நாம் இவருக்குக் கொடுத்திருக்கவில்லை. அது என் பிழை. அதையும் ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்" என்றார்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். மூன்று மாதம் அட்டை இல்லை. வேலை நிரந்தரமானது. அந்த வசந்த காலத்தில் எல்லா அட்டைக்காரருக்கும் ஒரு அவசர இலக்கம் கொடுக்கப்பட்டது. கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லையைக் கூட்டிவிடுவார்கள்.

வெளியே வரும்போது படிக்கட்டில் அவரை மறித்தேன்.

"பிள்ளை, அந்த முதல் பக்கத்தை எழுதாமல் விட்டிருக்கலாமே?"

"விட்டிருந்தா, மத்த ஆறு பக்கத்தையும் ஆரு நம்பியிருப்பாங்க அண்ணே?"

அறிக்கையைப் பைக்குள் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்த இலையுதிர் காலத்தில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மகள் என்னை ஒரு தூணைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மாதக் கணக்கில் பழக்கம் பிடித்துத்தான் மடியில் ஏறினாள்.

நகரசபைகளை ஒன்றாக்கியபோது பல பிரிவுகள் ஒன்றுக்குள் ஒன்று போயின. அவருடைய இடம் இல்லாமல் போனது. பழைய சின்னம் பொறித்த அட்டைகளைச் சேகரித்துக்கொண்டு நிலையம் நிலையமாக வந்தார். என்னுடையதை என் முன்னாலேயே கத்தரிக்கோலால் வெட்டினார். மனைவி கட்டித் தந்த இடியப்பமும் சொதியும் இருந்தது. இருவரும் சாமான் அறையில் இருந்து சாப்பிட்டோம்.

"இனி என்ன செய்யப் போறியள்?"

"மிசிசாகாவில ஒரு கொம்பனி வரச் சொல்லியிரிக்கு." இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தோய்த்தார். "எங்கட அண்ணனும் உங்கள மாதிரித்தான். ஸ்ரோர்ஸிலதான் வேல செஞ்சவர். ஒருநாள் ஜீப்பில வந்து அவரக் கூட்டிப் போகக்குள்ள..."

அப்போது கதவைத் தட்டினார்கள். நீச்சல் தடாகத்துக்குப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள், திறப்பு வேண்டும் என்றார்கள். நான் ஓடினேன். திறந்துவிட்டு, விளக்குப் போட்டுவிட்டு வர இருபது நிமிடம் ஆயிற்று. அவர் கோட் போட்டு, தொப்பியும் போட்டு நின்றார்.

"ஏதோ சொல்ல வந்தியள்," என்றேன்.

"ஒண்டுமில்ல அண்ணே. பஸ் வந்திரும்."

போய்விட்டார்.

அன்று பின்னேரம் வீட்டில் இதை மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. கலியாணம் முடித்தவரா? வீட்டில் யார் இருக்கிறார்கள்? அண்ணனுக்கு என்ன நடந்தது? மூன்று வருடமாக அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் அவரிடம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

"நீங்களெல்லாம் என்ன மனுசர்?" என்றாள் மனைவி.

கொள்வனவுப் பிரிவில் இருந்த ஒருவரிடம் விலாசம் வாங்கினேன். பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு, இஸ்லிங்ரன் வரை சப்வேயிலும் பிறகு இரண்டு பஸ்ஸிலும் போனோம். கதவைத் திறந்தவர் எங்களைக் கண்டு, "என்ன அண்ணே, ஏதும் பிரச்சினையா?" என்றுதான் கேட்டார்.

"பிரச்சினை ஒண்டுமில்லை. அண்டைக்கு உங்கட அண்ணரைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டனீங்கள். நான் எழும்பிப் போயிட்டன். அதைக் கேக்கத்தான் வந்தனாங்கள்."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு உள்ளே கூப்பிட்டார். ஒரே ஒரு அறை. மகள் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துகொண்டாள். அவர் மத்தியானத்தில் இருந்து பொழுதுபடும்வரை சொன்னார். இடையில் மனைவி எழும்பி, முன்பின் தெரியாத அந்தக் குசினியில் தேயிலையைத் தேடிப் பிடித்து இரண்டு தரம் தேத்தண்ணி போட்டாள். அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடையது.

திரும்பி வரும்போது மகள் என் தோளில் நித்திரையாகிவிட்டாள். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் தரிப்பிடத்துக்கு முன்னால்தான் வாய் திறந்தாள்.

"இன்னும் முடியேல்லை. வாற சனியும் போவம்."

போனோம்.